திரும்பி வரும் மலேரியா



மலேரியா வந்து, மாத்திரை விழுங்கி, காய்ச்சல் விட்டு, வேலைக்கும் போகத் தொடங்கிய ஒருவருக்குச் சில வாரங்களில் மறுபடியும் குளிர் நடுக்குகிறது. காய்ச்சல் திரும்பிவிட்டது என்கிறார்கள் வீட்டார். மருத்துவர்களிடம் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: ரெக்ரூடெசென்ஸ், ரிலாப்ஸ். நோயாளிக்கு இரண்டிலும் ஒரே நடுக்கம்தான். கிருமி கிளம்பிய இடம் மட்டும் வேறு.

ரத்தத்தில் முழுதும் அழியாமல் மிஞ்சிய கிருமி மீண்டும் பெருகினால் அது ரெக்ரூடெசென்ஸ். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கலாம். மருந்துக்கே கிருமி அடங்காமல் போயிருக்கலாம். உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை பெரும்பாலும் இப்படித்தான் திரும்புகிறது. மருந்தின் திறனை அளக்கும் ஆய்வுகளில் நோயாளிகளைக் குறைந்தது 28 நாள் கண்காணிப்பது இதனால்தான்.

ரிலாப்ஸின் கதை கல்லீரலில் நடக்கிறது.

கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். கடித்த பிறகு அந்தக் கிருமி மனித உடலில் முதலில் எங்கே போகிறது என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகே விளங்கியது. அது கல்லீரலில் தங்கிப் பெருகுவதை ஆய்வாளர்கள் ஷார்ட், கார்ன்ஹாம் இருவரும் 1948-இல் காட்டினார்கள். வைவாக்ஸ் வகையில் சில கிருமிகள் பெருகாமல் அங்கேயே உறங்கிக் கிடப்பது உறுதியானதோ 1980-களில். வாரங்களோ மாதங்களோ கழித்து அவை விழித்து ரத்தத்துக்குள் இறங்கும். புதிதாக ஒரு கொசு கடிக்க வேண்டியதில்லை. சென்னையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளில் பெருகும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு பரப்பி வந்த மலேரியாவில் பெரும்பகுதி இந்த வைவாக்ஸ்தான்.

வைவாக்ஸுக்கு 3 நாள் தரப்படும் குளோரோகுவின் ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும். கல்லீரலில் உறங்குவதை அது தொடாது. அதை அழிக்கத்தான் 14 நாள் பிரைமாகுவின். சிக்கலும் இங்கேதான். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரைகளை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள் பலர். அப்படி நிறுத்துவதுதான் மறு காய்ச்சலுக்கு வழி திறக்கிறது.

பிரைமாகுவின் எல்லோருக்கும் ஏற்றதல்ல. கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி, வைவாக்ஸுக்கு மருத்துவர் தந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் 14 நாளும் விழுங்குங்கள். காய்ச்சல் மறுபடி வந்தால், முன்பு வந்தது எந்த வகை, எத்தனை நாள் மருந்து சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.