அழைப்பு எங்கே போயிற்று?

மாதுங்கா பொதுக்குழுவுக்கு 300 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். வந்தவர்கள் 40 பேர். கோபித்துக்கொண்டோம். விசாரித்தால், அழைப்புகள் ஸ்பேம் பெட்டியில் கிடக்கின்றன!

அனுப்புபவர் விவரமும் முத்திரையும் இல்லாத பார்சலை ரயிலில் நாங்களே ஏற்றமாட்டோம். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அதையே கேட்கின்றன. சங்கத்தின் பெயரில் எந்தக் கணினி அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்.பி.எஃப்.; முத்திரை டி.கே.ஐ.எம். ஒன்றாவது வேண்டும். நாம் இரண்டும் வைக்கவில்லை. குற்றம் நம்முடையது.

ஆனால் ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாதாம். லட்சம் கடிதம் அனுப்பும் கம்பெனி 299 புகார் தாங்கும். 300 பேர் சங்கத்துக்கு ஒரே புகார் போதும். இது எந்த ஊர் நியாயம்?

சந்தா நினைவூட்டல் பிடிக்காத தோழர்கள் அந்தப் பொத்தானை அமுக்க வேண்டாம். செயலாளரிடம் சொல்லுங்கள், பெயரை எடுத்துவிடுகிறோம்.