உசாவும் பிள்ளைக்கு ஒரு துணை: தரம் 6 முதல் 9 வரையான மாணவியருக்குச் சுற்றாடல் உசாத்துணை நூல்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி வீரமுனையில் நடைபெற்ற ஒன்றுகூடலில், பழைய மாணவியர் சங்கத்தின் நூலகக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா என்றால் கட்டடம், மேடை, மணிக்கூட்டுக் கோபுரம் என்று எண்ணுவது வழக்கம். அவையும் வேண்டியவையே. நூலகக் குழுவினராகிய நாம் உங்கள் முன் வைப்பது அவற்றிலும் சிறியதொரு வேண்டுகோள். தரம் 6 முதல் 9 வரை படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பற்றிய நல்ல உசாத்துணை நூல்கள் வேண்டும்.

உசாவுதல் என்றால் கேட்டறிதல். கேள்வி கேட்கும் பிள்ளைக்குத் துணையாக நிற்பதே உசாத்துணை நூல். பாடநூல் அந்த வேலையைச் செய்யாதா என்று நீங்கள் கேட்கலாம். 1980 முதல் இந்நாட்டில் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அவற்றை இணையத்திலும் வைத்திருக்கிறது. அது பெரும் பேறு. ஆனால் பாடநூல் நாடு முழுவதற்கும் பொதுவாக எழுதப்படுவது. பரீட்சைக்கு வேண்டியதைச் சுருக்கிச் சொல்வது. பதினொன்று முதல் பதினான்கு வயது வரையான பிள்ளையின் கேள்விகளோ வீட்டு வாசலிலும் வயல் வரம்பிலும் கடற்கரையிலும் பிறப்பவை. அவற்றுள் சிலவற்றைப் பாருங்கள்.

ஆடி மாதத்தில் கச்சான் ஏன் இப்படிச் சுட்டெரிக்கிறது? தென்மேல் பருவக்காற்று மழை தரும் என்றுதானே பாடத்தில் இருக்கிறது? இது நியாயமான கேள்வி. அந்தக் காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் கூடி வெப்பமடைகிறது. உலர்ந்த காற்றாக வந்து சேர்கிறது. மேற்கே குடை பிடிக்க வைக்கும் அதே காற்றுத்தான் இங்கே எங்கள் வாயை உலர வைக்கிறது. எங்களுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. அதை நம்பியே பெரும்போகம். வெளிநாட்டு வண்ணப் படநூல் ஒன்றில் இந்த விடை இருக்காது.

வாய்க்காலில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் மறிக்கப்பட்ட பட்டிப்பளை ஆற்றிலிருந்து வருகிறது. சேனாநாயக்க சமுத்திரத்தில் தேங்கிய நீர் மதகு திறந்து சம்மாந்துறை, வீரமுனை வட்டைகளுக்கு வந்து சேர்வதை ஒரு வரைபடத்தில் காட்டினால், நீர் வட்டம் என்ற பாடம் பிள்ளையின் கால் நனைக்கும் பாடமாகிவிடும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் கமக்காரர் வீடுகளில் வேறு பேச்சே இருக்கவில்லை. அதைத் தொடர்ந்த பெரும்போகத்தில் நாடு முழுவதும் நெல் விளைச்சல் வீழ்ந்தது. “சேதனப் பசளை நல்லது என்று ரீச்சர் சொன்னா, வாப்பா விளைச்சல் இல்லை என்கிறார், எது சரி?” என்று கேட்கும் பிள்ளைக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. நெல்லுக்கு நைதரசன் எதற்கு, சாணத்திலும் பசுந்தாளிலும் அது எவ்வளவு மெதுவாகக் கிடைக்கிறது, மண் பழகுவதற்கு ஏன் காலம் வேண்டும், அளவு மிஞ்சிய யூரியா குளத்தில் பாசியாக எப்படி எழுகிறது என்பவற்றைச் சேர்த்துச் சொல்லும் ஒரு நூல் வேண்டும். இரு பக்கத்தையும் எடைபோடக் கற்றுக்கொடுப்பதே சுற்றாடல் கல்வி.

இன்னொரு கேள்வி யானைகளைப் பற்றியது. எங்கள் மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள், எட்டு ஆண்டுகளுக்குள் 20 அளவில் இறந்துபோயின என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வந்தது. சோற்றின் வாசம் ஒட்டிய பையை யானை விழுங்குகிறது, பை செரிப்பதில்லை, குடல் அடைத்து, உணவும் நீரும் உள்ளே செல்லாமல் அது சாகிறது. வீட்டில் உக்குவதையும் உக்காததையும் பிரித்து வைப்பது ஏன் என்று விளக்க இதைவிட அருகிலுள்ள உதாரணம் இல்லை. எங்கள் பிள்ளைகளோ பனிக்கரடியின் துயரத்தை அறிந்த அளவுக்கு இதை அறியார்.

சகோதரிகளே, அடுத்து சொல்வதைச் சற்று நிதானமாகக் கேட்கும்படி வேண்டுகிறோம். 2004 டிசம்பர் 26 ஐ இக்கரையில் எவரும் மறக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர் ஊராக எங்கள் வகுப்புத் தோழிகளும் அவர்களின் பிள்ளைகளும் போயினர். அதே நாள் தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு கிழமைகளுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்ததை நினைவுகூர்ந்து பெற்றோரிடம் சொல்ல, அக்கடற்கரையில் இருந்த சுமார் நூறு பேர் தப்பினர். ஒரு பாடம் உயிர் காத்தது.

ஆனால் அந்தக் கதையை அப்படியே மொழிபெயர்த்து எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதாது. பூமியதிர்ச்சிப் பிளவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இருந்த எங்கள் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது எழுந்த நீர். “கடல் வற்றினால் ஓடு” என்று மட்டும் படித்த பிள்ளை, கடல் வற்றுவதற்காகக் காத்து நின்றால் என்னாவது? ஒரு கரைக்குச் சரியான பாடம் மறு கரைக்குக் குறைப்பாடமாகிவிடுகிறது. நில நடுக்கமோ, கடலின் வழக்கத்துக்கு மாறான ஏற்றமோ இறக்கமோ, பேரிரைச்சலோ, அரசின் எச்சரிக்கையோ, எது வந்தாலும் கரையை விட்டு உள்ளூருக்கோ உயரத்துக்கோ போக வேண்டும். முதல் அலையோடு முடிந்தது என்று திரும்பி வரக்கூடாது. எங்கள் கரைக்கான பாடம் இது. தரம் 6 இல் இன்று இருக்கும் பிள்ளை அந்த அலைக்குப் பின் பிறந்தவள். அவளுக்கு இதைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

எனவே நிலம் எங்களுடையதாக இருக்கவேண்டும் என்பது முதல் அளவுகோல். இரண்டாவது அளவுகோல் சொல்.

தமிழகத்திலிருந்து அழகான அறிவியல் நூல்கள் வருகின்றன. புத்தகக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவையும் அவையே. அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆயின் அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. அங்கே அலையாத்திக் காடு, இங்கே கண்டற்காடு. அங்கே பசுமை இல்ல வாயு, இங்கே பச்சைவீட்டு வாயு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டும் ஒன்றே என்று அறியாமல் மயங்குகிறாள். பரீட்சைத்தாளில் எதை எழுதுவது என்று அஞ்சுகிறாள். இதற்காக அந்நூல்களை ஒதுக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு நூலின் உள்ளட்டையிலும் இருநாட்டுச் சொற்களையும் எதிரெதிரே தரும் ஒரு தாளை ஒட்டினால் போதும். மயக்கம் தீரும், சொல்வளமும் பெருகும்.

இந்தச் சொல் வேலை எங்கள் மண்ணுக்குப் புதியதன்று. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், தமிழ்ப் பண்டிதர் மட்டுமல்லர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் அவர். அதன் பயனாகக் ‘கலைச்சொற்கள்’ 1938 இல் வெளிவந்தது. பிள்ளைகளுக்கென்றே பெரும் உசாத்துணை நூலைத் தமிழில் ஆக்க முடியும் என்பதைப் பெ. தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்த ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ காட்டியது. முடியாது என்று சொல்ல எங்களுக்கு நியாயம் இல்லை.

மூன்றாவது அளவுகோல், பிள்ளை தானே தேடிக் கண்டடையக்கூடிய அமைப்பு. நூலின் இறுதியில் அகரவரிசைச் சுட்டி இருக்கிறதா, படத்தின் கீழே பெயர் இருக்கிறதா, பதிப்பாண்டு அண்மையதா, வெளியே போய்ப் பார்த்து எழுதச் சொல்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். சுட்டி இல்லாத நூலில் பிள்ளை தேடிக் களைத்து மூடிவிடுவாள்.

இப்படிப்பட்ட அலுமாரி ஏன் பாடசாலையில் இருக்கவேண்டும்? 1990 இன் துயர நாட்களில் வீரமுனை மக்கள் வீடுவாசல்களை விட்டுப் போக நேர்ந்தது. 2004 இல் கரையோர வீடுகள் தரைமட்டமாயின. தாய் படித்த புத்தகம் மகளுக்கு என்ற தொடர்ச்சி பல குடும்பங்களில் அறுந்துபோனது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அலுமாரிதான் வீட்டு அலுமாரியும்.

ஆகவே எமது வேண்டுகோள்கள் மூன்று. ஒன்று, ஒவ்வொரு வகுப்புத் தொகுதியினரும் தரம் 6 முதல் 9 வரைக்கான ஒரு நூற்றொகுதியைப் பொறுப்பேற்க வேண்டும். இலண்டனிலும் தொரன்ரோவிலும் மெல்பேணிலும் டோகாவிலும் உள்ள சகோதரிகள், வீட்டில் மிஞ்சிய நூல்களைப் பெட்டியில் அனுப்புவதை விட, நாம் தயாரிக்கும் பட்டியலைப் பார்த்து வாங்க உதவினால் பயன் அதிகம். இரண்டு, வாங்கிய நூல்கள் பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கக்கூடாது. கிழிந்தால் ஒட்டலாம், படிக்காத நூலை என்ன செய்வது?

மூன்றாவது, எங்கள் ஊர்களுக்கான ஒரு சிறு சுற்றாடல் உசாத்துணை நூலை நாமே ஆக்குவது. மருதமுனையின் பெயரில் மருதம் இருக்கிறது, காரைதீவின் பெயரில் காரை இருக்கிறது. அந்த மரஞ்செடிகளை அடையாளம் காட்டத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? கண்டற்கரையில் நிற்கும் தில்லையின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பது மூத்தோருக்குத் தெரியும், எழுத்தில் இருக்கவேண்டும். மாணவியர் தம் உம்மும்மாவிடமும் அம்மம்மாவிடமும், கமக்காரரிடமும் கடற்றொழிலாளரிடமும் கேட்டு, மரம், மீன், பறவை, காற்று ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டட்டும். ஒரே மீனுக்கு இரு ஊரில் இரு பெயர் இருந்தால் இரண்டையும் எழுதுவோம். எங்கள் சங்கத்தில் உள்ள ஆசிரியைகளும் வைத்தியர்களும் விவசாயப் போதனாசிரியைகளும் அவற்றைச் சரிபார்த்து, சிங்களப் பெயரையும் விஞ்ஞானப் பெயரையும் சேர்க்கட்டும். அச்சிட்ட பின் நூலகம் இணையத்தளத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தால், உலகின் எம்மூலையில் இருக்கும் உங்கள் பேரப்பிள்ளையும் அதைத் திறந்து பார்க்கலாம்.

வீரமுனையும் சம்மாந்துறையும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுகின்றன. ஒரே கச்சானில் வாடுகின்றன. ஒரே வடகீழ் மழைக்குக் காத்திருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் சேர்ந்து படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எமக்குத் தெரியவில்லை. இந்த மண்டபத்தை விட்டுப் போகுமுன், உங்கள் தொகுதி எந்தத் தரத்தைப் பொறுப்பேற்கிறது என்பதை வாசலில் இருக்கும் கொப்பியில் எழுதிவிட்டுச் செல்லும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.