மீண்டும் வருவார் என்ற நம்பிக்கை

(செஞ்சி வட்டாரக் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் பன்னாட்டுக் கணிதவியலாளர் மாநாடு நடந்தது. அப்போதைய உலக சாம்பியன் நம் விஸ்வநாதன் ஆனந்த், அங்கே ஒரே நேரத்தில் 40 பேருடன் சதுரங்கம் ஆடினார். எதிரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கணித அறிஞர்கள். ஆனந்த் 39 ஆட்டங்களில் வென்றார். ஒருவர் மட்டும் சமன் செய்தார். அவர் பேராசிரியர் அல்ல, 14 வயதுச் சிறுவன்!

இந்த ஆட்டத்தின் முறை எளிது. எதிராளிகள் வரிசையாகப் பலகைகளுக்கு முன் அமர்வார்கள். சாம்பியன் ஒவ்வொரு பலகையாக நடந்து வருவார். அவர் வந்து நின்றதும் எதிராளி காயை நகர்த்த வேண்டும். அதுவரை யோசிக்கலாம்.

2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடை ஒட்டி நம் பள்ளிகளில் சதுரங்கப் போட்டிகள் நடந்தன அல்லவா? அந்த உற்சாகத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேருடன் பள்ளித் தாழ்வாரத்தில் நானும் இப்படி ஆடிப் பார்த்தேன். நான் சுமாராக ஆடுபவன்தான்.

கடைசிப் பலகையில் ஒரு மாணவன். வகுப்பில் வாய் திறக்கமாட்டான். ‘மெல்லக் கற்பவர்’ பட்டியலில் அவன் பெயரை எழுதியவனே நான்தான். ஆனால் அன்று நான் போய் நின்ற ஒவ்வொரு முறையும் அவனது நகர்வு தயாராக இருந்தது. முடிவில் குதிரையால் என் ராஜாவையும் ராணியையும் ஒருசேரத் தாக்கி என்னைத் தோற்கடித்தான்.

வீட்டுக்குப் போன பிறகும் மனம் உறுத்தியது. வகுப்பில் கேள்வி கேட்டால் அவனுக்கு நான் தந்த நேரம் எவ்வளவு? மூன்று நொடிகூட இருக்காது. உடனே, ‘அடுத்து நீ சொல்’ என்று நகர்ந்துவிடுவேன். சதுரங்கத்தில் அவனுக்கு ஒரு சுற்று நேரம் கிடைத்தது. சார் கட்டாயம் திரும்பி வருவார் என்ற உறுதியும் கிடைத்தது.

இப்போது கேள்வியைக் கேட்டுவிட்டு வகுப்பை ஒருமுறை சுற்றி வருகிறேன். பிறகே பதில் கேட்கிறேன். தெரியாது என்றால், ‘அடுத்த சுற்றில் வருகிறேன்’ என்கிறேன். சொன்னபடி போகிறேன்.

ஓர் எச்சரிக்கை. சதுரங்கத்தில் மற்றவர்களின் ஆட்டம் முடிய முடிய, சாம்பியன் வேகமாகத் திரும்பி வருவார். மீதமிருப்பவர்களுக்கு யோசிக்கும் நேரம் குறையும். வகுப்பில் அப்படி நடக்கக்கூடாது. விரைவாக முடித்த பிள்ளைகளுக்காக மற்றவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

அந்த மாணவன் இன்னும் தடுமாறித்தான் வாசிக்கிறான். ஆனால் பதில் சொல்லக் கை உயர்த்துகிறான். நாளை உங்கள் வகுப்பிலும் ஒரு கேள்விக்கு இப்படிச் செய்து பாருங்கள்.