பழவேற்காட்டுக் கணக்கு ஐரோப்பாவில் இருக்கிறது

(நசரத்பேட்டை கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாஸ்கோ ட காமாவின் வரலாற்றைப் போர்த்துக்கீசியர்தான் எழுதணும்னு யாரும் சட்டம் போடவில்லை. 1997-இல் அவனைப் பற்றிய ஒரு பெரிய புத்தகத்தைக் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. எழுதியவர் சஞ்சய் சுப்ரமணியம், 1961-இல் தில்லியில் பிறந்தவர். போர்த்துகல் தேசிய வீரனாகக் கும்பிடுகிற ஆள் எப்படி வீரனாக்கப்பட்டான் என்பதைத் துருவி எழுதினார்.

தில்லிப் பொருளாதாரப் பள்ளியில் ஆய்வு செய்து அங்கேயே ஆசிரியரானார். 1995-இல் பாரிஸ், 2002-இல் ஆக்ஸ்ஃபோர்டு, 2004-இல் லாஸ் ஏஞ்சல்ஸ். 2013-இல் பாரிசின் கொலேஜ் த பிரான்ஸ் அவருக்கு இருக்கை கொடுத்தது. ஐரோப்பாக்காரனுக்கு அவன் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லித்தருகிற இடம் அது.

அப்பா கே. சுப்ரமணியம் ஐ.ஏ.எஸ். அண்ணன் 2019-இல் வெளியுறவு அமைச்சரான ஜெய்சங்கர். தமிழ்ப் பிராமணக் குடும்பம். இதையும் சேர்த்துத்தான் சொல்லணும். மூளை மட்டும் போதும்னா நம்ம சேரிகளிலிருந்து எத்தனை பேர் பாரிசுக்குப் போயிருக்கணும்! ஆனால் பிறப்பைச் சொல்லிவிட்டு உழைப்பைத் தள்ளிவிடவும் கூடாது. போர்த்துக்கீசு, டச்சு, பிரெஞ்சு, பாரசீகம் என்று மொழி மொழியாகப் படித்தவர். அந்த மொழிகள் இல்லையென்றால், 1500 முதல் 1650 வரை தென்னிந்திய வணிகம் பற்றி 1990-இல் வந்த அவருடைய நூலே கிடையாது.

அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் தர்மா குமார். நிலமற்ற கூலி ஜனம் வெள்ளைக்காரன் ஆட்சியில்தான் உண்டானது என்று அன்று ஒரு வாதம் இருந்தது. அதை மறுத்து, சாதியால் கட்டிப்போட்ட அடிமை உழைப்பு அதற்கு முன்பே இங்கு இருந்தது என்று சென்னை மாகாண ஆவணங்களை வைத்து 1965-இல் நூல் எழுதினார். நமக்கு இது பாட்டன் சொல்லித் தெரிந்த சேதிதான். பாட்டன் சொல் பல்கலைக்கழகத்தில் செல்லாது, காகிதம்தான் செல்லும்.

அந்தக் காகிதம் எங்கே இருக்கு? இங்கிருந்து வடக்கே பழவேற்காடு. டச்சுக்காரன் 1610-இல் பண்டகசாலை போட்டான், 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டினான். கப்பலில் துணி மட்டும் போகவில்லை, மனுஷனும் போனான். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் பீஜப்பூர்ப் படையும் பஞ்சமும் சேர்ந்து அடித்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு போன்ற துறைமுகங்களில் டச்சுக் கம்பெனி வாங்கியது 8,000 முதல் 10,000 பேரை. பெரும்பகுதி இலங்கைக்கு, மிச்சம் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். அத்தனை பேரும் நம் ஜனம் என்று நான் சொல்லமாட்டேன். யார் யார் என்று தேடுகிற வேலை பாக்கி இருக்கு. நான் வங்கியில் கணக்கு பார்க்கிறவன். தலைக்கு என்ன விலை என்று குறிக்காமல் எந்தக் கம்பெனிக்காரனும் காசை எடுத்து நீட்டமாட்டான். கம்பெனியின் காகிதங்கள் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சரி, யார் போய்ப் படிப்பது? தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசின் உதவித்தொகை ஒன்று உண்டு. 2022-இல் மொத்தம் 125 இடம். அதே 2022-இல் விதியைத் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்றார்கள். அதையெல்லாம் இங்கேயே படிக்கலாமாம்! ஹேக்கில் இருக்கிற காகிதத்தை நசரத்பேட்டையில் உட்கார்ந்து எப்படிய்யா படிக்கிறது? அமைச்சர் அண்ணன் இருக்கிறவனுக்கு இந்த உதவித்தொகை தேவையில்லை. யாருக்குத் தேவையோ அவனுடைய தலைப்பில்தான் கை வைத்தார்கள்.

அந்தத் திருத்தத்தை எதிர்க்கிறது ஒரு பக்கம் நடக்கட்டும். இன்னொரு பக்கம், 17-ஆம் நூற்றாண்டு டச்சுக் கம்பெனி ஐரோப்பிய வரலாறு இல்லையா? விண்ணப்பத்தில் அப்படியே எழுதுங்க: ஐரோப்பிய வரலாறு, ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள், அவர்களின் அடிமைக் கணக்கு. சுப்ரமணியம் வாஸ்கோ ட காமாவை எழுதலாம்னா, கம்பெனிக்காரனை நாம் எழுதக் கூடாதா?

அதற்கு டச்சு படிக்கணும். பழைய கையெழுத்தும் படிக்கப் பழகணும், கண் வலிக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் உண்டு. முதலில் அங்கே போய்க் கண்ணால் பார்ப்போம். கல்லூரிக் கடிதம் கையில் எடுத்துக்கிட்டு வாங்க. ஒரு நாள் லீவு போட்டு நானும் கூட வர்றேன். வர்றவங்க கூட்டம் முடிஞ்சதும் பேர் கொடுத்துட்டுப் போங்க.