மடியே முதற்பள்ளி

(தமிழ் மன்றம் ஒன்று கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பள்ளிக்கு அனுப்புமுன் பிள்ளைக்குத் தமிழெழுத்தை எவ்வாறு அறிமுகம் செய்வது என்பது பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். தவறு செய்து திருந்தியவன் என்ற ஒரே தகுதியோடு உங்கள்முன் நிற்கின்றேன்.

என் மூத்த மகனுக்கு நான்கு அகவை நடந்தபோது, ஊர்தோறும் மேடையேறித் தமிழைக் காக்க முழங்கிக்கொண்டிருந்தேன். வீட்டிலோ அவன் 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்றான். மேடையில் பிறரைக் கடிந்த வாய் வீட்டில் வாளாவிருக்குமா? கற்பலகையைக் கொடுத்து ழகரத்தை நூறு முறை எழுதச் சொன்னேன். விரல் நோகிறதென்று அழுதான். அடித்தேன். அதன்பின் கற்பலகையைக் கண்டாலே தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வான். இன்று நன்றாகவே வாழ்கிறான். ஆனால் தமிழ் நூலொன்றை விரும்பி எடுத்துப் படித்ததை நான் கண்டதில்லை. ஆங்கிலம் என் மகனைப் பறித்துக்கொண்டது என்று பல ஆண்டுகள் சொல்லித் திரிந்தேன். பறித்தது என் கை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

பெயர்த்தி பிறந்தபின் நானே முதலிலிருந்து கற்றேன். கற்றதைச் சொல்கின்றேன்.

முதலிற் செவி. எழுத்தைக் காட்டுமுன் ஒலியைக் கேட்கச் செய்யுங்கள். சோறூட்டும்போது, "அம்மா, அப்பா, அண்ணன், இவை மூன்றும் எந்த ஒலியில் தொடங்குகின்றன?" என்று விளையாட்டாய்க் கேளுங்கள். கல், கால், பல், பால், கொடு, கோடு என இணையிணையாய்ச் சொல்லுங்கள். குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவதைப் பிள்ளை தானே கண்டு சிரிக்கும். "எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதே, ஐயா" என்று வருந்தும் தாய்மார்களே! இப்பகுதிக்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. உங்கள் வாய்மொழியே போதும்.

அடுத்தது வாய். எழுத்தொலி எங்கே, எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துக் காட்டினார். நாவின் நுனி மேலெழுந்து வளைந்து அண்ணத்தை வருட, ழகரம் பிறக்கின்றது. இதைப் பிள்ளைக்கு வாய்திறந்து காட்டினாற் போதும். தலை, தளை, தழை என்று நீங்கள் திருத்தமாய்ச் சொல்லிவந்தால், உரிய காலத்தில் அதன் நாவும் வளையும். நான்கு அகவையில் வளையாத நாவுக்கு அடி மருந்தாகாது.

மூன்றாவது கண். நெடுங்கணக்கு 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையையும் உங்களையும் அச்சுறுத்திக்கொள்ளாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. எஞ்சிய 216-உம் உயிரும் மெய்யும் கூடிப் பிறந்த பிள்ளைகள். துணைக்காலும் கொம்பும் அறிந்தால் பெரும்பாலானவை தாமே விளங்கும். உகர ஊகார வரிசைகளே பல வடிவின. அவற்றை இறுதியில் வைத்துக்கொள்ளலாம். முன்பு ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களுள் இந்தப் பதின்மூன்றையும் தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்றதனால் அச்சுமையும் இன்றைய பிள்ளைக்கு இல்லை.

அகரத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பதுமில்லை. அகரம் சுழியும் வளைவும் உடையது. பிஞ்சுக் கண்ணுக்குக் கடினம். டகரத்தைக் காட்டுங்கள். அதன் வலப்புறம் ஒரு கோடு மேலெழுந்தால் பகரம். பின்பு மகரம். எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி அதனுள்ளிருக்கும் அகரத்தை நீக்கிவிடும் என்று சொல்லிக்கொடுங்கள். மூன்றெழுத்தும் ஒரு புள்ளியும் வந்துவிட்டன. இனிப் படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்களைப் பிள்ளை படித்துவிடும்! 'பானா, டானா' என்று பெயரைச் சொல்லாமல் 'ப', 'ட' என்று ஒலியையே சொல்லுங்கள். அப்போதுதான் ஒலிகள் கூடிச் சொல்லாகும்.

இறுதியிற் கை. பிஞ்சு விரலில் எழுதுகோலைத் திணிக்கவேண்டா. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவித்தது அறிவுடைமை. ஒரு முறமும் இரண்டு கை மணலும் போதும். ஒரு நாளைக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் வேண்டா. பிள்ளை எழுந்து ஓடினால் அன்றைய பாடம் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

"முதலில் ஆங்கிலம் வந்தாலன்றோ பிள்ளை முன்னேறும்?" என்பார் உளர். ஒலியே எழுத்தாகின்றது என்னும் உண்மையைப் பிள்ளை தான் பேசும் மொழியில்தான் எளிதாய்க் காணும். கல், தங்கம், பகல் என்பவற்றில் ககரம் இடத்திற்கேற்ப ஒலிக்கின்றது. தமிழ் பேசும் பிள்ளைக்கு அதை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவ்வாறு ஒரு மொழியில் படிக்கக் கற்ற பிள்ளை வேற்றுமொழி எழுத்தையும் அஞ்சாது அணுகும். வீட்டில் யாரும் பேசாத மொழியின் எழுத்தை முதலில் புகட்டினால், அது பொருளறியாது ஒப்பிக்கும்.

பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கத் தமிழ்நாட்டில் 2006-இல் சட்டம் வந்தது. நன்று. ஆயினும் சட்டம் பள்ளி வாயில்வரைதான் வரும். பிள்ளையைப் பெற்றோர் மடியில் அமர்த்திப் படிப்பிக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது.

சென்ற கோடையில் ஒரு மாலை என் பெயர்த்தி முறத்து மணலில் 'பட்டம்' என்று தானே எழுதிப் படித்தாள். அருகிலிருந்த என் மகனிடம், "அப்பா, நீங்கள் ஒரு சொல் எழுதுங்கள்" என்றாள். சற்று நேரம் மணலையே பார்த்திருந்தவன், 'பழம்' என்று எழுதினான். "நடுவெழுத்து எனக்குத் தெரியாதே" என்றாள். அவன் வாயைத் திறந்து, நாவை மேலே வளைத்துக் காட்டினான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அங்கிருந்து பேச என்னிடம் சொல் இல்லை.

அன்பர்களே! மேடைத் தமிழை மேடையிலேயே விட்டு வீடு செல்லுங்கள். இன்றிரவே பிள்ளையை மடியில் அமர்த்தி ஓர் ஒலியைச் சொல்லிக்கொடுங்கள். அது சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னால், அவ்வீட்டில் தமிழ் வேரூன்றிவிட்டது என்று பொருள்.