கேள்வியே தப்பாக இருந்தால்?

ஒரே அளவுள்ள நாணயம் இரண்டு கைக்கெட்டினால் எடுத்து மேசைமேல் வையுங்கள். ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதை அதன் விளிம்பை ஒட்டி வழுக்காமல் முழுச் சுற்று உருட்டுங்கள். உருண்ட நாணயம் தன்னைத்தானே எத்தனை முறை சுற்றியிருக்கும்? சுற்றளவு ஒன்றுதானே, ஒரு முறை என்றுதான் சொல்லத் தோன்றும். உருட்டிப் பார்த்தால் இரண்டு! விளிம்பின் நீளத்துக்கு ஒன்று, வட்டமாக வளைந்து வந்ததற்கு இன்னொன்று.

1982 மே மாதம் அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் இந்த மாதிரிக் கணக்கு ஒன்று வந்தது. பெரிய வட்டத்தைச் சுற்றி, அதன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கே உள்ள சின்ன வட்டம் உருள்கிறது. புறப்பட்ட இடத்துக்கு வர எத்தனை சுற்று? தேர்வு நடத்தியவர்கள் வைத்திருந்த விடை மூன்று. உண்மையான விடை நான்கு. கொடுத்த ஐந்து விடைகளில் நான்கு இல்லவே இல்லை. சுமார் 3 லட்சம் பேர் எழுதிய தேர்வு அது. மூன்றே மாணவர்கள் தப்பை எடுத்துக்காட்டிக் கடிதம் போட்டார்கள். கேள்வியை நீக்கி, எல்லாருக்கும் மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிட்டார்கள்.

நீக்கிவிடுவது நடத்துகிறவர்களுக்குச் சுலபம். ஆனால் நான்கு என்று சரியாகவே போட்டுவிட்டு, அந்த எண்ணைக் காணாமல் திகைத்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த பிள்ளைக்குப் போன நிமிடங்களை யார் கொடுப்பது? நன்றாகத் தெரிந்த பிள்ளைதான் இப்படிப்பட்ட கேள்வியில் மாட்டிக்கொள்ளும்.

2024 நீட் தேர்வின் இயற்பியல் கேள்வி ஒன்று வேறு விதம். ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்ற கூற்று சரியா என்பது அதில் ஒரு பகுதி. பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. புதிய பதிப்பில் அதைப் 'பெரும்பாலான தனிமங்கள்' என்று திருத்திவிட்டார்கள். அக்கா படித்த புத்தகத்தையே வாங்கிப் படிக்கிற வீடுகள் நம்மிடம் எத்தனை! தேசியத் தேர்வு முகமை முதலில் பழைய புத்தகத்தின்படி வரும் விடை, புதியதன்படி வரும் விடை இரண்டுக்குமே மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் மூவர், புதிய புத்தகத்தின்படி வரும் விடைதான் சரி என்றார்கள். பழைய புத்தகத்தை நம்பிய 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது; கொடுத்த நான்கு போக, தவறான விடைக்கென்று இன்னும் ஒன்று. அறிவியல்படி நிபுணர்கள் சொன்னது சரிதான். அச்சில் இருந்ததைப் படித்ததற்கு அபராதமா என்பதுதான் என் கேள்வி. விடைக்குறிப்பை ஆட்சேபிக்க, கேள்விக்கு 200 ரூபாய் கட்டணம் வேறு!

கேள்வியில் அல்லாமல் திருத்துவதில் தப்பு நேர்ந்தால், நம் பிளஸ் டூ தேர்வில் இருப்பது இன்னொரு வழி. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நகல் வந்ததும் பதற்றப்படாமல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். திருத்தாமல் விட்ட விடை உண்டா? உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புத் தாளில் ஏறியிருக்கிறதா? கூட்டலில் மட்டும் பிசகு என்றால் மறுகூட்டல் போதும். விடைக்கு உரிய மதிப்பெண் விழவில்லை என்றால் மறுமதிப்பீடு கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்று பாட ஆசிரியரிடம் நகலைக் காட்டி முடிவு செய்யுங்கள். அதற்குக் கிடைக்கிற நாட்கள் குறைவு, கடைசித் தேதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.