கள்ளச்சாவி



செம்பனையைக் கடிக்கும் எலியை நமக்குத் தெரியும். எலி மூளை சொல்லும் பாடத்தையும் கொஞ்சம் கேளுங்க.

1973இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும், அபின் போய் ஒட்டும் ‘பூட்டுகள்’ எலி மூளையில் இருப்பதைக் காட்டினார்கள். பிறகு கதிரியக்க மருந்து செலுத்தி, மூளையை மெல்லிய சீவலாக அறுத்து, பூட்டு எங்கெங்கே என்று வரைபடமும் போட்டார்கள். வலி செல்லும் பாதையில் அவை நெருங்கிக் கிடந்தன. நம் மூளையிலும் உண்டு.

அபினுக்காகவா இயற்கை பூட்டு வைத்தது? இல்லை. 1975இல் ஸ்காட்லாந்தில் ஹியூஸும் காஸ்டர்லிட்சும் உண்மைச் சாவியைக் கண்டார்கள்: மூளையே சுரக்கும் என்கெபலின். அபினும் ஹெராயினும் கள்ளச்சாவிகள்.

ஆகவே, சிக்கிய பிள்ளையைக் ‘குணங்கெட்டவன்’ என்று துரத்தாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. மாணவர்களே, அந்தச் சாவியைத் தொடவே தொடாதீர்கள்.